ஒரு மணி நேரம், நான்கைந்து ஓவியங்கள்: பென்டன்வில் குலுக்கல் காட்டியது என்ன?

பிள்ளைகளுக்குக் கலை எதற்கு என்று யாராவது கேட்டால், கலைமேல் பிரியம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம். "பாட்டு கற்றுக்கொண்டால் கணக்கு நன்றாக வரும். படம் வரைந்தால் மூளை வளரும்." நானும் பல வருடம் இதையே சொல்லிவந்தேன். கேட்பவருக்குச் சட்டென்று புரிவது மதிப்பெண்தான் என்பதால் கலையையும் கொண்டுபோய் மதிப்பெண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நாளைக்கே கணக்கு சொல்லித்தர வேறு நல்ல வழி ஒன்று கிடைத்துவிட்டால், பாட்டு வகுப்பை மூடிவிடலாம் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

சரி, கலைக்கென்று சொந்தமாக என்ன பயன் இருக்கிறது? அதை அளந்து காட்ட முடியுமா? முடியும் என்று காட்டிய ஒரு நிகழ்வை இங்கே விரிவாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் என்ற சிறிய ஊரில் 2012இல் நடந்தது. ஒரு மணி நேரம் ஓவியம் பார்க்கப் போன பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அது.

மதிப்பெண் கதை எங்கிருந்து வந்தது

அதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்ன கட்டுரை வந்தது. 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் மோட்ஸார்ட்டின் பியானோ இசையைக் கேட்டார்கள். உடனே ஒரு சோதனை வைத்தார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் பிரிக்கும்போது எப்படி இருக்கும் என்று மனதுக்குள் யூகிக்கிற மாதிரியான, இடம் சார்ந்த சிந்தனைக்கான சோதனை. அதில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தார்கள். அந்தக் கூடுதல் 10, 15 நிமிடத்தில் மறைந்தும்விட்டது. ஆய்வு சொன்னது இவ்வளவுதான். குழந்தைகள் யாரும் அதில் இல்லை.

ஆனால் செய்தி ஊர் சுற்றி வந்தபோது "மோட்ஸார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்" என்று மாறியிருந்தது. 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி சட்டமன்றத்தைக் கேட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இசையில் குழந்தை என்ன உணரும் என்பதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

2000இல் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1950 முதல் வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். இசை கேட்பதும் இசை கற்பதும் இடம் சார்ந்த சிந்தனைக்கு உதவுகின்றன, வகுப்பறை நாடகம் மொழித்திறனுக்கு உதவுகிறது. இந்த மூன்றுக்கு மட்டுமே நம்பகமான சான்று இருந்தது. மற்றபடி கலை கற்றால் பொதுவான படிப்பு உயரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள். கலையின் பக்கம் நின்றவர்களில் பலருக்கு அன்று கோபம். ஆனால் அவர்கள் இருவரும் கலைக்கு எதிரானவர்கள் அல்லர். கலைக்கு வெளியே போய்த் தேடுவதை விட்டுவிட்டு, கலை எதைக் கற்றுத்தருகிறது என்று பாருங்கள் என்பதுதான் அவர்களின் வாதம்.

இதற்குப் பிறகு 2002இல் அமெரிக்காவில் ஒரு புதிய கல்விச் சட்டம் வந்தது. 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்புவரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும், தேறாத பள்ளிகள் பதில் சொல்லியாக வேண்டும் என்றது அது. விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான். தேர்வில் வருவதற்கு நேரம் கூடியது, வராததற்குக் குறைந்தது. இந்தப் பின்னணியில்தான் பென்டன்வில்லுக்கு வருகிறோம்.

ஊரும் அருங்காட்சியகமும்

பென்டன்வில், வால்மார்ட் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சாம் வால்டனின் மகள் ஆலிஸ் வால்டன் அமெரிக்க ஓவியங்களைச் சேகரிப்பவர். கட்டிடக் கலைஞர் மோஷே சாஃப்டியைக் கொண்டு, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில், ஊற்றுநீர் தேங்கும் குளங்களைச் சுற்றி ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார். பெயர் கிரிஸ்டல் பிரிட்ஜஸ். 2011 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். பொது நுழைவு இலவசம்.

ஆய்வுக்கு முக்கியமானது வேறொன்று. இது திறப்பதற்கு முன் அந்த வட்டாரத்தில் இப்படி ஒரு பெரிய ஓவியக்கூடமே கிடையாது. பெருநகரம் ஒன்றில் இதே ஆய்வைச் செய்திருந்தால், அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு மூன்று ஓவியக்கூடங்களைப் பார்த்திருப்பார்கள். இன்னொரு தடவை போய் வந்ததால் என்ன மாறியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆர்கன்சாவின் அந்த மூலையில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அசல் ஓவியத்தின் முன்னால் நிற்பதே வாழ்க்கையில் முதல் தடவை. அதுவரை அவர்கள் பார்த்ததெல்லாம் புத்தகத்தில் உள்ளங்கை அளவு அச்சடித்த படங்கள்.

பள்ளிகளுக்குச் செலவே இல்லாமல் ஏற்பாடு செய்தார்கள். பேருந்து, ஆசிரியர் வெளியே போகும் நாளில் அவருடைய மற்ற வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியருக்கான சம்பளம், பிள்ளைகளின் மதியச் சாப்பாடு, எல்லாமே அருங்காட்சியகத்தின் பொறுப்பு. பள்ளிச் சுற்றுலா எதில் நின்றுபோகிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட திட்டம் இது. நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு "வாருங்கள்" என்று சொல்வது சுலபம். பேருந்துக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வியில்தான் பாதிப் பள்ளிகள் ஒதுங்கிவிடும்.

இந்தப் பள்ளித் திட்டத்தின் முதல் இரண்டு பருவங்களில் மட்டும் 525 விண்ணப்பங்கள் வந்தன. மொத்தம் 38,347 பிள்ளைகள். அத்தனை பேரையும் உடனே அழைத்துப்போக இடமில்லை. யாரை முதலில் அழைப்பது?

குலுக்கல்

இங்கேதான் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகியோர் ஒரு யோசனையோடு வந்தார்கள். குலுக்கிப் போடுங்கள். வகுப்பு நிலையிலும் மாணவர் பின்னணியிலும் ஒத்துப்போகிற குழுக்களாகச் சேர்த்து, அவற்றுக்குள் குலுக்குங்கள். விழுந்த குழு இப்போது போகட்டும், விழாத குழு பின்னால் போகட்டும். அந்த இடைவெளியில் இரு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

யாருக்கும் மறுக்கவில்லை, வரிசைதான் தள்ளிப்போனது. நியாயமான ஏற்பாடு. அதோடு, கலைக்கல்வி ஆய்வில் காலம் காலமாக இருந்துவந்த ஒரு பெரிய ஓட்டையையும் இது அடைத்தது.

அந்த ஓட்டை இதுதான். வயலின் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்லும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் புத்தகம் இருக்கிறது, கூட்டிப்போகப் பெரியவர்களுக்கு நேரம் இருக்கிறது, வகுப்புக்குக் கட்டப் பணம் இருக்கிறது. படிப்பு உயர்ந்தது வயலினாலா வீட்டினாலா என்று எப்படிச் சொல்வது? குலுக்கல் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எந்தப் பிள்ளை போகிறது என்பதை வசதியோ ஆர்வமோ தீர்மானிப்பதில்லை. பிறகு ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், அது போய் வந்ததால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

123 பள்ளிகளைச் சேர்ந்த 10,912 மாணவர்களும் 489 ஆசிரியர்களும் ஆய்வில் பங்கெடுத்தார்கள். சுற்றுலா முடிந்து சராசரியாக 3 வாரம் கழித்துத்தான் கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பேருந்தில் திரும்பும்போதே "பிடித்ததா?" என்று கேட்டு வாங்கிய பதில்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது

சுற்றுலா ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் நான்கைந்து ஓவியங்கள்தான். பள்ளிச் சுற்றுலா என்றால் ஒரு நாளில் எவ்வளவு காட்ட முடியுமோ அவ்வளவையும் காட்டிவிட வேண்டும் என்று ஓடுகிற பழக்கம் நமக்கு. இங்கே நேர் எதிர். ஒரு படத்தின் முன்னால் உட்கார வைத்து, வழிகாட்டி கொஞ்சமாகத் தகவல் சொல்வார். மீதி நேரமெல்லாம் பிள்ளைகளின் பேச்சு.

நார்மன் ராக்வெல் 1943இல் வரைந்த ரோஸி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீல நிற வேலையுடுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தடித்த கைகள், கன்னத்திலும் கையிலும் அழுக்கு. கண்ணாடியைக் கழற்றாமல் நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள், அதாவது சாப்பிட்டுவிட்டு உடனே வேலைக்குத் திரும்பப் போகிறாள். கையில் கடித்த சாண்ட்விச். மடியில் குழந்தையைக் கிடத்தியது போல ஆணியடிக்கும் இயந்திரம். சாப்பாட்டுப் பெட்டியில் அவள் பெயர். காலுக்குக் கீழே மிதிபட்டுக் கிடப்பது ஹிட்லரின் புத்தகம். பின்னால் முழுக்க அமெரிக்கக் கொடி. மாடலாக உட்கார்ந்தவர் 19 வயது டெலிபோன் ஆபரேட்டர், ஒல்லியான பெண். ராக்வெல் அவரைப் பெரிய உருவமாக்கி, சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஏசாயா தீர்க்கதரிசியின் இருப்பில் உட்கார வைத்துவிட்டார்.

இத்தனையும் ஒரு பிள்ளையின் கண்ணுக்கு ஒரேயடியாகத் தெரியாது. ஒருத்தி சாண்ட்விச்சைப் பார்ப்பாள். ஒருவன் இயந்திரத்தைப் பார்த்து "துப்பாக்கி" என்பான். இன்னொருத்தி "அது துப்பாக்கி இல்லை, ஒயர் தொங்குகிறது பார்" என்று திருத்துவாள். பின்வரிசைப் பிள்ளை ஒன்று காலடியில் கிடக்கும் புத்தகத்தைக் கண்டுபிடிக்கும்போது எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும். நான் சொல்வது ஓர் உதாரணம்தான். ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து நிதானமாக ஒரு படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தன் கண்ணுக்குப் படாதது பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குப் படுகிறது என்பதை ஒரு குழந்தை அந்த நிமிடத்தில் அனுபவத்தில் தெரிந்துகொள்கிறது. அதை அறிவுரையாக எத்தனை முறை சொன்னாலும் இப்படிப் பதியாது.

3 வாரம் கழித்து என்ன நினைவிருந்தது? ரோஸியைப் பார்த்தவர்களில் 82 சதவீதம் பேர், இரண்டாம் உலகப்போரில் பெண்கள் வேலைக்கு வந்ததன் முக்கியத்துவத்தைச் சொல்லும் படம் அது என்று சரியாகச் சொன்னார்கள். தாமஸ் ஹார்ட் பென்டன் வரைந்த ஒரு படத்தில் விவசாயி ஒருவர் நன்றாக நிற்கும் பயிரை மடக்கி உழுகிறார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் விலை விழாமல் இருக்க, பயிரை அழிப்பதற்கு அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. அதைப் பார்த்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு அந்தக் கதை நினைவிருந்தது. ஈஸ்ட்மன் ஜான்சனின் படத்தில் காட்டுக்குள் ஒரு முகாம், மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் வந்தது. அதற்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையை அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் முன்வைத்தார்கள். 88 சதவீதம் பேர் இதைச் சொன்னார்கள்.

இதற்குத் தேர்வு எதுவும் கிடையாது, மதிப்பெண் கிடையாது. குறிப்பெடுக்கச் சொல்லவில்லை. பேச்சு பிள்ளைகளின் போக்கில் போனதால் இந்தத் தகவல் எல்லாக் குழுவிலும் வந்தே தீரும் என்ற உறுதிகூட இல்லை. இதே பெருமந்தத்துச் செய்தியைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளையை 3 வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். பென்டன் படத்தைப் பார்த்த பிள்ளைக்கு, நல்ல பயிரை ஏன் ஒரு மனிதன் உழுது புதைக்கிறான் என்ற கேள்வி முதலில் வயிற்றைப் பிசைந்திருக்கும். பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. கேள்வி தைத்த இடத்தில் வரும் பதில் அங்கேயே தங்கிவிடுகிறது.

பார்த்திராத ஒரு படம்

நினைவாற்றல் ஒரு பக்கம். ஆய்வாளர்கள் அதைவிட ஆழமான ஒன்றைத் தேடினார்கள். இரு தரப்பு மாணவர்களும் முன்பின் பார்த்திராத ஓர் ஓவியத்தை, போ பார்ட்லெட் வரைந்த 'பெட்டி' என்ற படத்தை, வகுப்பறையில் காட்டினார்கள். இரண்டே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறாய்? எதைப் பார்த்து அப்படி நினைக்கிறாய்? எழுத 5 நிமிடம்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "நீ சொன்னதற்கு இந்தப் படத்தில் ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறது அது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் உருவாக்கிய முறையின் மையமும் இதே மாதிரியான கேள்விதான். பிள்ளை என்ன சொன்னாலும் தவறு என்று சொல்வதில்லை. ஆனால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்காமல் விடுவதும் இல்லை.

வந்த கட்டுரைகளில் எது போய் வந்த பிள்ளையுடையது, எது போகாத பிள்ளையுடையது என்று தெரியாதபடி மறைத்துவிட்டுத் திருத்தினார்கள். எத்தனை விஷயங்களைக் கவனித்திருக்கிறது, விளக்கம் சொல்கிறதா, வேறொன்றோடு இணைத்துப் பார்க்கிறதா, தன் முடிவையே மாற்றி யோசிக்கிறதா என்று எண்ணினார்கள். ஒரு பகுதிக் கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தினார்கள். இரண்டு கணக்கும் நன்றாகவே ஒத்துப்போயின.

போய் வந்த பிள்ளைகள் கூடுதலாகக் கவனித்தார்கள், கூடுதலாக யோசித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) 9 சதவீத உயர்வு. இது கொஞ்சம்தான். 100 பிள்ளைகளைத் திறன் குறைந்தவரிலிருந்து கூடியவர்வரை வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50ஆவதாக நிற்கும் பிள்ளை மூன்று நான்கு இடம் முன்னால் வருகிற அளவு. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் இந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்பதுதான் முக்கியம். 10,000 பேருக்குக் குறைவான சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகளிடம் உயர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு திட்ட விலக்கம். அதே வரிசையில் 50ஆவது பிள்ளை 62, 63ஆவது இடத்துக்கு வருகிறது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதிக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் உயர்வு திட்ட விலக்கத்தில் 18 சதவீதம். சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளிடமும் அதே அளவு.

அப்படியானால் மிச்சம் இருப்பவர்கள் யார்? வசதியான பள்ளிகளில், பெரிய ஊர்களில் படிப்பவர்கள். அவர்களிடம் சுற்றுலாவால் பெரிதாக மாற்றம் இல்லை. ஏன் என்று யூகிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். அவர்களுக்கு இது ஏற்கெனவே வேறு வழிகளில் கிடைத்துக்கொண்டிருந்திருக்கும். விடுமுறையில் பயணம், வீட்டில் பேச்சு, சனிக்கிழமை ஓவிய வகுப்பு. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், மற்றவர்கள் பசியோடு வந்தவர்கள்.

இதனால்தான் "கலை வேண்டுமென்றால் பெற்றோர் வெளியே வகுப்பில் சேர்த்துக்கொள்ளட்டும், பள்ளி பாடத்தைப் பார்க்கட்டும்" என்ற வாதம் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளி கைவிட்டால் வசதியான பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கு அதிகம் பலன் என்று குலுக்கல் காட்டியதோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் கதவு சாத்தப்படும்.

மாற்றுக் கருத்தும் பழைய காலமும்

இன்னும் இரண்டு விஷயங்களை அளந்தார்கள். ஒன்று சகிப்பு. நாட்டைக் குறைசொல்லும் படைப்புகளை அருங்காட்சியகத்தில் காட்ட அனுமதிக்கக் கூடாது என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். போய் வந்தவர்களில் ஒத்துக்கொண்டவர்கள் குறைவு. தனக்குப் பிடிக்காத கருத்தும் சுவரில் தொங்கலாம் என்று ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்வது சிறிய விஷயம் அல்ல. மற்றொன்று, பழைய காலத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன உணர்ந்தார்கள் என்று நினைத்துப் பார்க்கும் திறன். அதிலும் உயர்வு. இரண்டிலும் அளவு சிறியதுதான், சிற்றூர்ப் பிள்ளைகளிடம் கூடுதல்.

சந்தேகங்கள்

நல்ல செய்தி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. எனக்கே சில தயக்கங்கள் உண்டு. ஆய்வுக்குள் வந்தவை விண்ணப்பித்த பள்ளிகள். விண்ணப்பிக்கவே தோன்றாத ஆசிரியரின் வகுப்பில் இதே பலன் கிடைக்குமா என்று இந்தக் குலுக்கல் சொல்லாது. அளந்த சிந்தனை, ஓவியத்தைப் பற்றிய சிந்தனை. அதே பிள்ளை நாளை ஒரு செய்தியையோ விளம்பரத்தையோ அதே போல ஆதாரம் கேட்டுப் பார்க்குமா? பார்க்கும் என்று நான் நம்புகிறேன், ஆனால் அது என் நம்பிக்கைதான், ஆய்வின் முடிவு அல்ல. அப்புறம், 3 வாரத்துக்குப் பிறகு நிற்பது 3 வருடம் கழித்தும் நிற்குமா என்பதற்கும் இதில் பதில் இல்லை.

புதுமையின் கவர்ச்சியும் இருக்கலாம். புத்தம்புதுக் கட்டிடம், பேருந்துப் பயணம், வகுப்பில்லாத நாள். ஆனால் புதுமை மட்டுமே காரணம் என்றால் பிள்ளை உற்சாகமாகக் கட்டுரை எழுதியிருக்கும், கூர்மையாகக் கவனித்து எழுதியிருக்காது.

அதே ஆர்கன்சாவில் கிரீனும் கூட்டாளிகளும் நாடகத்தை வைத்து இன்னொரு குலுக்கல் நடத்தினார்கள். சில வகுப்புகள் மேடை நாடகம் பார்க்கப் போயின. மற்றவை போகவில்லை, அவற்றில் சிலவற்றுக்கு அதே கதையைத் திரைப்படமாகக் காட்டினார்கள். நாடகம் பார்த்தவர்களுக்குக் கதையும் அதன் சொற்களும் கூடுதலாகப் புரிந்தன. சகிப்பும், அடுத்தவர் நிலையிலிருந்து பார்க்கும் திறனும் கூடின. படம் பார்த்தவர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை. வெளியே போன உற்சாகம் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பத்தடி தூரத்தில் மூச்சுவிடும் ஒரு மனிதன் அழுவதைப் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் பிள்ளைக்கு ஒன்றல்ல என்பதே என் புரிதல்.

ஹூஸ்டனில் ஒரு வருடம்

ஒரு மணி நேரத்துக்கே இவ்வளவு என்றால், ஒரு முழு வருடம் கொடுத்தால்? போவனும் கிசிடாவும் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் அதைச் செய்து பார்த்தார்கள். கலை வசதி குறைவாக இருந்த 42 பள்ளிகள், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 10,548 மாணவர்கள். இங்கேயும் குலுக்கல்தான், பாதிப் பள்ளிகளுக்கு விழுந்தது. நகரத்தின் நாடகக் குழுக்கள், இசைக் குழுக்கள், நடனக் கலைஞர்கள், ஓவியர்கள் பள்ளிகளுக்கு வந்து தங்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். நிகழ்ச்சிகள் நடந்தன, வெளியே அழைத்தும் போனார்கள். அதிகம் இடம்பெற்றது நாடகம்.

2019இல் முடிவுகள் வெளிவந்தன. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர்களின் பங்கு 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வில் திட்ட விலக்கத்தில் 13 சதவீத உயர்வு. பிறர் துன்பத்தில் அக்கறை காட்டுவதில் 8 சதவீதம். கணக்கிலும் வாசிப்பிலும் அறிவியலிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு, "அப்படியானால் கலையால் பயனில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதை நான் வேறு மாதிரி படிக்கிறேன். பாடவேளையில் ஒரு பகுதியைக் கலைக்குக் கொடுத்தும் கணக்கும் வாசிப்பும் கீழே போகவில்லை. "கலைக்கு நேரம் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடும்" என்று பயந்தவர்களுக்கு இது நேரடியான பதில். கீழே போகாமல், கூடவே ஒரு பிள்ளை ஒழுங்கு மீறுவது குறைந்து, தன் மனதில் உள்ளதை எழுதத் தெரிந்து, அடுத்தவர் வலியைக் கவனிக்கிறது. கணக்குப் பாடத்திடம் யாரும் இந்த மூன்றையும் கேட்பதில்லை. கலையிடம் மட்டும் கணக்கைக் கேட்கிறோம்.

நாடகம் அதிகம் இருந்ததும் தற்செயலாகத் தெரியவில்லை. 2004இல் கிளென் ஷெல்லன்பர்க், 6 வயதுப் பிள்ளைகள் 144 பேரைப் பிரித்து, சிலருக்குக் கீபோர்டு, சிலருக்குப் பாட்டு, சிலருக்கு நாடகம் என்று ஒரு வருடம் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. இசை கற்றவர்களின் அறிவுத்திறன் அளவு மற்றவர்களைவிடச் சற்றே கூடியது. ஆனால் கூடிப் பழகும் பாங்கில் முன்னேறியவர்கள் நாடகம் கற்றவர்கள். வேறொருவனாக நடிக்க வேண்டுமென்றால் அவன் ஏன் கோபப்படுகிறான் என்று முதலில் யோசித்தாக வேண்டும், அல்லவா? ஒவ்வொரு கலைக்கும் சொல்லித்தர அதனதன் விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் "கலை" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கும் பள்ளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கூப்பன்

மறுபடியும் பென்டன்வில்லுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே இன்னும் ஓர் அளவு மிச்சமிருக்கிறது. கேள்வித்தாளில் பிள்ளை எதையும் எழுதலாம். ஆசிரியர் சந்தோஷப்படுவார் என்று "எனக்கு ஓவியம் மிகவும் பிடிக்கும்" என்று டிக் அடிக்கலாம். இதை ஆய்வாளர்களும் யோசித்திருக்கிறார்கள். அதனால் போய் வந்த பிள்ளை, போகாத பிள்ளை எல்லோரிடமும் ஆளுக்கொரு கூப்பன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தோடு வந்தால் அருங்காட்சியகத்தின் சிறப்புக் கண்காட்சிக்குக் கட்டணமில்லை. கூப்பனில் ஒரு குறியீடு இருந்தது. யார் எந்தக் குழு என்று வாசலில் வாங்கி வைத்தால் பின்னால் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பள்ளிப் பிள்ளை தானாக அங்கே போக முடியாது. கூப்பனைத் தொலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்க வேண்டும், "பார்க்கலாம்" என்று சொன்னால் மறுபடி கேட்க வேண்டும். விடுமுறை நாளில் வண்டியை எடுக்க வைக்க வேண்டும்.

பிறகு கூப்பன்களை எண்ணிப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், பார்க்காதவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாகத் திரும்பி வந்திருந்தார்கள், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு.